பழைய பட்டுப்பாவாடை: பெட்டியில் வைப்பதா, மகளுக்குத் திருத்துவதா?

தீபாவளிக்குத் திருபுவனத்தில் எடுத்த பாவாடையைத் தூக்கிப் போட யாருக்கு மனம் வரும்?

செலவு: பெட்டிக்கு ஒன்றுமில்லை. திருத்தினால் தையல்கூலி, புது லைனிங்.

ஆயுள்: இங்குதான் சிக்கல். ஐப்பசி அடைமழையில் டெல்டா வீடுகளில் பீரோவுக்குள்ளும் ஈரம் ஏறும். ஒரே மடிப்பில் கிடக்கும் பட்டு அந்த மடிப்பிலேயே இற்றுப்போகும், சரிகை கறுக்கும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பை மாற்ற வேண்டும். திருத்தியதற்குக் காற்றுப் படும்; பாயசமும் சிந்தும்.

நினைவு: வளர வளரப் பிரித்துவிட்ட டக் (நீளத்தைக் குறைக்க மடித்துத் தைத்த மடிப்பு) இருந்த இடத்தில் வெளுக்காத அரக்குக் கோடு தெரியுமே, பெட்டியில் அது பத்திரம். தையற்காரர் முதலில் வெட்டுவது அதைத்தான்.

துணி உறுதியாக இருந்தால் திருத்துங்கள், மகள் உடுத்தட்டும். இழுத்தாலே நூல் விலகினால் பெட்டிதான். சீட்டிப் பருத்திப் பாவாடைக்கு இந்த யோசனையே வேண்டாம். அது எப்போதோ கரித்துணி ஆகியிருக்கும்.