காரில் போன்: ப்ளூடூத்தில் பேசலாமா, பேசாமலே ஓட்டலாமா?

போனைக் கையில் பிடித்துப் பேசுவதைவிட ப்ளூடூத்தில் பேசுவது மேல். அதில் சந்தேகமே இல்லை. மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் போய்விடுகிறது. கூப்பிடுவது யார் என்று மூன்று நொடி திரையைப் பார்த்தால் 50 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய மாதிரி. ஸ்டியரிங்கில் உள்ள பொத்தானைக் கட்டைவிரலால் தட்டும்போது இந்த ஆபத்து பெருமளவு குறைகிறது.

சரி, கண் சாலையில் இருக்கிறது, கையும் ஸ்டியரிங்கில் இருக்கிறது. கவனம்? ரெடெல்மயர், டிப்ஷிராணி என்ற இரு ஆய்வாளர்கள் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், போன் பேசும் நேரத்தில் விபத்துக்கான வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு என்று தெரியவந்தது. கையில் பிடிக்காமல் பேசும் ஹேண்ட்ஸ்ஃப்ரீ வைத்திருந்தவர்களுக்கும் இதில் சலுகை எதுவும் கிடைக்கவில்லை. பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேசுவதும் இதுவும் ஒன்றில்லை. முன்னால் லாரி சட்டென்று பிரேக் போட்டால் அவர் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிடுவார். போனில் இருப்பவருக்கு லாரி தெரியாது. "என்ன, பதிலே காணோம்?" என்பார். பிரேக்கை மிதித்துக்கொண்டே நாமும் அவருக்குப் பதில் தேடுவோம்.

இயர்போன் எனக்குப் பிடிக்காத வழி. இரண்டு காதையும் அடைத்துக்கொண்டால் பின்னால் வரும் ஆம்புலன்ஸ் சத்தம்கூடத் தாமதமாகத்தான் எட்டும். டாஷ்போர்டு ஸ்டாண்டில் போனை மாட்டி ஸ்பீக்கரில் போடலாம்தான், ஆனால் சாலை இரைச்சலில் இருவருமே கத்த வேண்டியிருக்கும்.

போனில் உள்ளதைக் காரின் திரையில் காட்டும் கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இரண்டும் மேப்புக்கு அருமை. போனின் சின்னத் திரையை எட்டி எட்டிப் பார்க்க வேண்டாம், போக வேண்டிய இடத்தைக் கிளம்பும் முன்பே போட்டுவிட்டால் திருப்பங்களை அதுவே சொல்லும். குரலில் மெசேஜ் அனுப்பும் வசதியைத்தான் நான் தொடமாட்டேன். அமெரிக்காவின் ஏஏஏ சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளை 2015-ல் வெளியிட்ட ஆய்வின்படி, குரல் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் கவனச்சிதறல் 27 நொடிவரை நீடிக்கக்கூடும். சிக்னலில் நிற்கும்போது அனுப்பினாலும், பச்சை விழுந்து நகரும்போது மனசு இன்னும் அந்த மெசேஜில்தான் இருக்கும்.

ஆக, என் தேர்வு இது: இணைப்பு இருக்கட்டும், மேப்புக்கும் பாட்டுக்கும். அழைப்புகளுக்கு, "வண்டி ஓட்டுகிறேன்" என்று தானாகப் பதில் அனுப்பும் டிரைவிங் மோட். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாத நாளில் அவர்கள் எண்ணை மட்டும் விலக்கில் வைத்தால் போதும். அழைப்பு வந்தால் எடுத்து, "ஓரமாக நிறுத்திவிட்டுக் கூப்பிடுகிறேன்" என்று சொல்லி வைத்துவிடலாம். வேலையே போனில்தான் என்பவர்களுக்கு இது கஷ்டம், புரிகிறது. அவர்களும் ப்ளூடூத் பேச்சை ஓரிரு வாக்கியத்தில் முடித்துக்கொள்வது நல்லது.

அப்புறம், வாடகை கார் என்றால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இணைக்கும்போது நாம் அனுமதி கொடுத்திருந்தால், தொடர்பு எண்களும் அழைப்பு விவரங்களும் காரின் நினைவகத்துக்குப் போயிருக்கும். சாவியைத் திருப்பிக் கொடுக்கும் முன் காரின் செட்டிங்ஸில் நம் போனின் பதிவை அழித்துவிட வேண்டும்.