தலைவர் விலகுவதாக வதந்தி: பங்கை விற்பதா, வைத்திருப்பதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களிலும் கைப்பேசிச் செயலியில் அமெரிக்கத் தொழில்நுட்பப் பங்கு வாங்கியோர் உண்டு. "தலைமை நிர்வாகி விலகப் போறாராம்" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்ததும் தவிப்பு தொடங்கிவிடுகிறது.

செலவு
விற்றால்: தரகுக் கட்டணம், ரிங்கிட்டாக மாற்றும்போது நாணய இழப்பு. மறுபடி வாங்கினால் இரண்டும் இன்னொரு முறை. நாலைந்து பங்கு வைத்திருப்பவருக்கு இதுவே பெரிய அடி.
வைத்திருந்தால்: செலவில்லை.

ஆபத்து
விற்றால்: வதந்தி பொய்த்து விலை ஏறினால் ஏற்றம் கைநழுவும்.
வைத்திருந்தால்: அடுத்த தலைவர் யாரென்று தெரியாத நிறுவனமானால் சரிவு உங்கள் தலையில்.

இங்கே நிதானம் வேண்டும். 2011 ஆகஸ்டு 24இல் ஆப்பிள் தலைமை நிர்வாகி ஸ்டீவ் ஜாப்ஸ் விலகினார். அடுத்த தலைவராக டிம் குக் ஏற்கெனவே தயாராக இருந்ததால் மறுநாள் சந்தை மூடும்போது ஆப்பிள் பங்கு 1 விழுக்காடுகூட இறங்கவில்லை. 2013இல் அதன் அப்போதைய தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர் ஓய்வை அறிவித்தபோது மைக்ரோசாஃப்ட் பங்கு ஏறியே போனது.

வசதி
விற்றால்: அமெரிக்கச் சந்தை திறப்பது மலேசிய நேரம் இரவு 9.30, அங்கே குளிர்காலத்தில் 10.30. திறந்தவுடன் விலை தாறுமாறாக ஆடும். விலை வரம்பு (இதற்குக் கீழே விற்க வேண்டாம் என்ற விலை) குறிக்காமல் விற்காதீர்கள்.
வைத்திருந்தால்: 8-கே அறிக்கையை (முக்கிய மாற்றங்களை நிறுவனம் அமெரிக்கப் பங்கு ஆணையத்திடம் தெரிவிக்கும் அறிக்கை) பாருங்கள். விலகல் உறுதியானால் 4 வேலை நாளுக்குள் நிறுவனம் அதைத் தாக்கல் செய்தாக வேண்டும்.

ஆறு மாதத்தில் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு வேண்டிய பணமா? வதந்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் விற்றுவிடுங்கள். பத்தாண்டு சேமிப்பென்றால் அறிக்கை வரும்வரை தொடாதீர்கள்.