பிகே-232 டேட்டா கன்ட்ரோலர்: பொட்டி தங்கம், பேரிட்டிய மட்டும் பாத்துக்கோங்க

ரேடியோவையும் கம்ப்யூட்டரையும் இணைக்கற பொட்டிதான் ஏஇஏ (AEA) கம்பெனியோட பிகே-232 (PK-232). செகண்ட் ஹேண்ட்ல அது கிடைச்சா வாங்கலாமான்னு யோசிக்கிற ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்களுக்காக எழுதுறேன். தாராளமா வாங்கலாம். மோர்ஸ், ஆர்டிடிஒய் (ரேடியோ டெலிடைப்), ஆம்டார் (பிழை திருத்தற டெலிடைப்), பாக்கெட் (டேட்டாவ துண்டு துண்டா அனுப்பறது) எல்லாம் ஒரே பொட்டியில, 12 வோல்ட்ல ஓடும், முன்னாடி வரிசையா எல்இடி இருக்கறதால எந்த மோட்ல நிக்குதுன்னு பாத்தாலே தெரிஞ்சிடும், 80கள்ல வந்த டிசைன்தான் ஆனா இன்னிக்கும் கெத்தா வேலை செய்யுது.

வாங்கினவங்க பாதி பேர் "ரிப்பேர் பீஸ்"னு ஓரங்கட்டறதுக்குக் காரணம் பொட்டி இல்ல, சீரியல் செட்டிங், அதாவது கம்ப்யூட்டரும் பொட்டியும் பேசிக்கற முறை. இப்ப நாம எந்த டெர்மினல் (பொட்டிக்கு கமாண்ட் அடிக்கற சாஃப்ட்வேர்) திறந்தாலும் 8 பிட், நோ பேரிட்டி, 1 ஸ்டாப் பிட்னுதான் வரும், ஆனா இதோட டீஃபால்ட் 7 பிட், ஈவன் பேரிட்டி, அதாவது ஒவ்வொரு எழுத்துலயும் ஒன்னுகளோட எண்ணிக்கை இரட்டைப்படையா வர்ற மாதிரி ஒரு சோதனை பிட் சேரும். அப்படியே கனெக்ட் பண்ணா பொட்டி கமாண்ட் கேக்கற cmd: ப்ராம்ப்ட்ல சி-யும் கோலனும் ஒழுங்கா வரும், நடுவுல இருக்கற எம், டி ரெண்டும் ஏதோ வேத்துமொழி எழுத்து மாதிரி வரும், ஏன்னா அந்த ரெண்டு எழுத்துலயும் ஒன்னுகளோட எண்ணிக்கை ஒத்தப்படை, அத இரட்டைப்படை ஆக்க பொட்டி சேக்கற பேரிட்டி பிட்ட உங்க கம்ப்யூட்டர் எட்டாவது டேட்டா பிட்டுன்னு நெனச்சுக்குது. பாதி எழுத்து சரி பாதி தப்புன்னா பேரிட்டி, மொத்தமும் குப்பைன்னா பாட் ரேட் (சீரியல் வேகம்). இத மனசுல வச்சுக்கிட்டா போதும்.

முதல்ல புட்டி (PuTTY) டெர்மினல்ல சீரியல் எடுத்து 7, ஈவன், 1, ஃப்ளோ கன்ட்ரோல் (டேட்டாவ நிறுத்தி அனுப்பற முறை) எக்ஸ்ஆன்-எக்ஸ்ஆஃப் வச்சிட்டு பவர் ஆன் பண்ணுங்க. மெமரி காலியா இருந்தா ஸ்டார் (*) அமுக்கச் சொல்லும், திரையில கிறுக்கலா வந்தாலும் பரவால்ல, ஸ்டார அமுக்குங்க, வேகத்த அதுவே புடிச்சுக்கும். ப்ராம்ப்ட் வந்ததும் ஏடபிள்யூலென் 8 (AWLEN 8, எழுத்துக்கு 8 பிட்), பேரிட்டி 0 (PARITY 0, பேரிட்டி வேணாம்), அப்புறம் ரீஸ்டார்ட் (RESTART)னு அடிங்க, உடனே புட்டியயும் 8 நோ பேரிட்டிக்கு மாத்திடுங்க. ரீசெட் (RESET)னு மட்டும் அடிச்சிடாதீங்க ப்ளீஸ், போட்ட எல்லா செட்டிங்கும் போயிடும். எழுத்து ரெட்டை ரெட்டையா வந்தா லோக்கல் எக்கோவ ஆஃப் பண்ணுங்க.

டிபாட் (TBAUD), எச்பாட் (HBAUD) ரெண்டயும் குழப்பிக்காதீங்க, முதல்து கம்ப்யூட்டருக்கும் பொட்டிக்கும் நடுவுல உள்ள வேகம், ரெண்டாவது காத்துல போற வேகம். டிபாட் 9600 இருக்கலாம், 2 மீட்டர் பாக்கெட்டுக்கு எச்பாட் 1200தான். இத வச்சு 145.825 மெகாஹெர்ட்ஸ்ல விண்வெளி நிலையத்தோட பாக்கெட்ட வரி வரியா ஸ்க்ரீன்ல பாக்கலாம், அந்த சந்தோஷமே தனி.

கேபிள் சாதா ஸ்ட்ரெய்ட் கேபிள், நல் மோடம் (அனுப்பற, வாங்கற வயர குறுக்க மாத்தின கேபிள்) வேணாம். 9 பின் பக்கம் 2, 3, 5 முறையே 25 பின் பக்கம் 3, 2, 7க்குப் போகணும் (25 பின்ல 2, 3 இடம் மாறி இருக்கும், அதனால இது ஸ்ட்ரெய்ட்தான்). டெர்மினலுக்கு இந்த மூணு வயர் போதும், ஆனா பாக்கெட் வேலைய கம்ப்யூட்டர் சாஃப்ட்வேரே பாத்துக்கற கிஸ் (KISS) மோட் ஓட்டணும்னா ஃப்ளோ கன்ட்ரோலுக்கான ஆர்டிஎஸ், சிடிஎஸ் வயரும் சேத்துடுங்க, எக்ஸ்ஆன்-எக்ஸ்ஆஃப் அங்க ஒத்து வராது.

குறைன்னு சொன்னா செட்டிங்க நினைவுல வச்சிருக்கற பேக்கப் பேட்டரிதான். அது செத்துட்டா ஒவ்வொரு தடவ ஆஃப் பண்ணும்போதும் மறுபடி 7 ஈவனுக்கே போயிடும், அதனால வாங்கின கையோட மொத வேலையா பேட்டரிய மாத்திடுங்க, பழசு கசிஞ்சு போர்ட அரிச்சிருக்கான்னும் மூடியத் திறந்து பாத்துட்டு காசக் குடுங்க.