ஏற்காட்டு வீட்டில் கண்ணாடி இழை இணைப்பு: நான்கு ஆண்டுக் கணக்கு

தாமிரக் கம்பியில் தொலைபேசி, கூரைமேல் டிஷ், இணையத்துக்குக் கைப்பேசி என்று மாதம் மூன்று பில் கட்டிக்கொண்டிருந்தோம். நான்கு ஆண்டுகளுக்கு முன் தலைமுடி தடிமன்கூட இருக்குமோ என்னவோ, ஒரு கண்ணாடி இழை வீட்டுக்குள் வந்தது. மூன்றும் அதற்குள் அடங்கிவிட்டன. பில்லும் ஒன்றானது.

மழைக்காலத்தில்தான் இதன் அருமை தெரியும். டிஷ் சமிக்ஞை 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசையில் வருவதால் கனமழை அதை விழுங்கிவிடும். ஐப்பசியில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். இழைக்குள் ஓடுவது ஒளி. வெளியே எவ்வளவு கொட்டினாலும் அம்மாவின் தொடர் நாடகம் மழைக்காக ஒருநாளும் நின்றதில்லை.

கிரிக்கெட் மட்டும் இன்னும் எரிச்சல். செயலி வழியாகப் பார்க்கிறோம். பக்கத்து வீட்டில் டிஷ். அங்கே "அவுட்!" என்று கத்தி முடித்த பிறகும் எங்கள் திரையில் பந்து வீச்சாளர் ஓடிவந்துகொண்டிருப்பார். படத்தைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி, நாலைந்து துண்டுகளைக் கையிருப்பில் வைத்துக்கொண்டுதான் செயலி ஓட்டுகிறது. வேகமான திட்டத்துக்கு மாறினால் சரியாகும் என்றார்கள். மாறினேன். ஆகவில்லை.

பழைய கற்சுவர் வீடு என்பதால் வைஃபை 5 கிகாஹெர்ட்ஸில் அடுத்த அறையைத் தாண்டாது. 2.4-க்கு மாற்றினால் சமையலறை வரை போகிறது, அது போதும்.

உண்மையான சிக்கல் முதல் மின்தடை இரவில் தெரிந்தது. ரிசீவரை எடுத்த அம்மா, "கரண்ட் போனால் போனும் போய்விடுமா? முன்பு அப்படி இல்லையேடா!" என்றார். அவர் சொன்னது சரி. தாமிரக் கம்பியில் குரலோடு 48 வோல்ட் மின்சாரமும் தொலைபேசி நிலையத்து பேட்டரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. இழை வந்து சேரும் வீட்டுப் பெட்டிக்கு மின்சாரம் நாம்தான் கொடுக்க வேண்டும். இணைப்பு கொடுத்தவர்கள் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சேலத்துக்கு இறங்கி 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்று வாங்கி வந்தேன். வாங்குபவர்கள் இணைப்போடு அதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

மூன்றாம் ஆண்டில் குரங்குகள். சில்வர் ஓக் மரங்களுக்கிடையே தொங்கிய கேபிளில் ஊஞ்சலாடி அறுத்துவிட்டன. பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னியது; மூன்றும் ஒரே நொடியில் போயின. புகார் எண்ணை அழைக்கத் தொலைபேசி இல்லை, செயலியில் பதிய இணையம் இல்லை, வீட்டில் கைப்பேசிச் சமிக்ஞையும் நிற்பதில்லை. ஒண்டிக்கடை வரை நடந்துபோய்ப் புகார் சொன்னேன். மூன்று நாள் கழித்து, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஒரு தம்பி வந்தார். அறுந்த முனைகளைச் சுத்தமாக வெட்டி, கைப்பெட்டிக்குள் வைத்து, மின்பொறியில் உருக்கி ஒட்டினார். வேலை பத்து நிமிடம்கூட இல்லை. "அண்ணா, அடுத்த தடவை இந்தக் கிளையையாவது வெட்டிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். வெட்டினேன், குரங்குகள் அடுத்த கிளைக்குப் போயின.

இணைப்பை ஐந்தாம் ஆண்டுக்கும் புதுப்பித்திருக்கிறேன். கூடவே, வீட்டு வாசலில் ஓரளவு சமிக்ஞை கிடைக்கும் வேறொரு நிறுவனத்தின் சிம்மும் வாங்கி வைத்தாகிவிட்டது. ஆக, பில் இப்போது இரண்டு. டிஷ்ஷைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடலாமா என்று கேட்டேன். அம்மா, "கூரையிலேயே கிடக்கட்டும்" என்கிறார்.