ஒழுகும் கூரைக்கு நகைக்கடனா, குழுக்கடனா?

ஐப்பசி மழையில் ஓடு நகர்ந்து, ரீப்பர் (ஓடு தாங்கும் மரச்சட்டம்) உளுத்து நிற்கும் வீடுகள் பென்னாகரம், அரூர் பக்கம் நிறைய. கையில் காசில்லாத வீட்டில் வரும் கேள்வி இதுதான்: கூட்டுறவு சங்கத்தில் நகையை வைப்பதா, மகளிர் குழுவில் கேட்பதா?

வேகம்:
நகைக்கடன் – பெரும்பாலும் அன்றே பணம்.
குழு – சேமிப்பிலிருந்து தரும் உள்கடன் கூட்டத்தன்றே கிடைக்கலாம். வங்கிக் கடனுக்குக் காத்திருக்கணும். புதுக் குழு என்றால் குறைந்தது ஆறு மாதம் ஒழுங்காக நடந்திருக்க வேண்டும்.

ஈடு:
நகைக்கடன் – நகை வேண்டும், அதன் முழு மதிப்பும் கிடைக்காது.
குழு – 10 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி ஈடு கேட்கக் கூடாது. ஆனால் நீங்கள் கட்டாவிட்டால் பக்கத்து வீட்டு அக்காக்கள் கட்ட வேண்டிவரும். இது சின்ன விஷயமில்லை.

திருப்பிக் கட்டுவது:
நகைக்கடன் – தவணை முடிவில் மொத்தமாக. புளி, மாங்காய்க் காசு வரும் குடும்பத்துக்குத் தோது.
குழு – மாதாமாதம். கூலி வேலைக்காரர்களுக்கு இதுதான் சரி.

அரசுத் திட்டத்தில் 2000-01க்கு முன் கட்டிய வீடா? பழுதுபார்க்க 2024இல் அறிவித்த திட்டம் உண்டு, ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள். அதை நம்பி இந்த மழையைத் தள்ள முடியாது.

ரெண்டு ரீப்பரும் கொஞ்சம் ஓடும்தான் என்றால் உள்கடனே போதும். சுவரே சாய்கிறதென்றால் நகையை வையுங்கள். தண்டல்காரரிடம் மட்டும் போகாதீர்கள்.