வீட்டில் பூட்டுவதா, கடையில் பூட்டுவதா, பிராண்டடா, பழைய ஆபீஸ் மெஷினா?

வீட்டுக்கு ஒரு டெஸ்க்டாப் வேண்டும் என்று முடிவானால் நம் ஊரில் நான்கு வழிகள் இருக்கின்றன. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வந்து நாமே பூட்டலாம். கடையில் சொல்லிப் பூட்டி வாங்கலாம். டெல், எச்பி, லெனோவோ என்று பெட்டியோடு வரும் பிராண்டட் மெஷினை எடுக்கலாம். கம்பெனிகள் கழித்துவிட்ட ஆபீஸ் மெஷினைச் சுத்தம் செய்து விற்கிறார்களே, அதையும் வாங்கலாம். நான்கையும் விலையை வைத்தே ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். நான் பார்ப்பது வேறு: ஐந்தாவது ஆண்டில் ஏதாவது ஒன்று பழுதானால் அந்த ஒன்றை மட்டும் கழற்றி மாற்ற முடியுமா?

இதற்குப் பதில் சொல்லும் பாகங்கள் இரண்டு: மற்ற பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ், எல்லாப் பாகங்களும் வந்து சேரும் பலகையான மதர்போர்டு. விளம்பரத்தில் ப்ராசஸர் பெயர் இருக்கும், ராம் எத்தனை ஜிபி என்று இருக்கும், எஸ்எஸ்டி அளவு இருக்கும். இந்த இரண்டைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இருக்காது. விலையைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பதும் இவற்றில்தான்.

பிராண்டட் மெஷினில் தொடங்குவோம். 1995இல் ப்ராசஸர் செய்யும் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அளவுமுறையால்தான் எந்தக் கம்பெனி மதர்போர்டும் எந்தக் கம்பெனி கேபினெட்டிலும் (வெளிப்பெட்டியிலும்) உட்காருகிறது. எந்த எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் கேபிளும் எந்த போர்டிலும் பொருந்துகிறது. பெரிய கம்பெனிகளின் ஆபீஸ் டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் இந்த ஒப்பந்தம் கிடையாது. எஸ்எம்பிஎஸ்ஸின் வடிவம் வேறு, கேபிளில் பின்களின் எண்ணிக்கை வேறு, போர்டில் திருகு ஓட்டைகளின் இடம்கூட வேறு. வாரன்ட்டி முடிந்த பிறகு எஸ்எம்பிஎஸ் போனால் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸை வாங்கி மாட்ட முடியாது. அதே மாடலுக்கானதைத் தேடி அலைய வேண்டும்.

ஆனால் வாரன்ட்டி இருக்கும்வரை பிராண்டட் மெஷினுக்கு நிகர் கிடையாது. ஆன்சைட் வாரன்ட்டி எடுத்திருந்தால் ஆள் வீட்டுக்கே வந்து பார்ப்பார். முறையான விண்டோஸ் உரிமம் உள்ளேயே இருக்கும். ஆடிட்டர் அலுவலகம், மெடிக்கல் ஷாப், பில் போடும் கவுன்ட்டர் போன்ற இடங்களில் மெஷின் ஒரு நாள் நின்றாலும் தொழில் நின்றுவிடும். அங்கே மூன்றாண்டு ஆன்சைட்டோடு பிராண்டட் வாங்குவதே சரி. வீட்டுக்கு அந்த அவசரம் இல்லை; அந்தப் பணத்தை நல்ல பாகங்களில் போடலாம்.

அடுத்து பழைய ஆபீஸ் மெஷின். கையில் பணம் மிகக் குறைவாக இருந்தால் இதைத்தான் நான் முதலில் சொல்வேன், தயக்கம் இல்லாமல். படிக்கிற பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு, டைப்பிங், பைத்தான் பழகுவது, கணக்கு எழுதுவது, யூடியூப் எல்லாவற்றுக்கும் இது தாராளம். ஆனால் எந்தத் தலைமுறை என்று பார்த்து வாங்க வேண்டும். "ஐ7 சார்" என்று மட்டும் கடையில் சொன்னால் போதாது; ஐ5, ஐ7 என்பவை இன்டெல் ப்ராசஸர் வரிசைகளின் பெயர்கள்தான். ஐ7-4770 என்றால் அது நான்காம் தலைமுறை, 2013இல் வந்தது. ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை, 2018இல் வந்தது. நான்கு கோருக்குப் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிக்கு) பதில் ஆறு கோர். பெயரில் ஐ5தான், ஆனாலும் அந்தப் பழைய ஐ7ஐவிட இதுவே நல்ல தேர்வு. அதைவிட முக்கியமாக, விண்டோஸ் 11ஐ மைக்ரோசாஃப்ட் முறைப்படி அனுமதிப்பது இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே டெல் ஆப்டிப்ளெக்ஸ் 7060, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4 வயதுள்ள மெஷின்கள் வரை சரி. அதற்கு முந்தையவை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், லினக்ஸ் போடத் தயாராக இருப்பவர்கள் மட்டும் எடுக்கலாம்.

இவற்றில் மாற்ற முடியாத எல்லை ஒன்று உண்டு. ஒல்லியான மாடல்களில் எஸ்எம்பிஎஸ் 200 வாட் சுற்றித்தான் இருக்கும். கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனிக் கேபிள் இருக்காது. மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் ஓடும் குட்டையான கார்டு மட்டுமே போட முடியும். இன்டெலின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 கார்டு அதற்குப் பொருத்தம் என்று பலர் வாங்குகிறார்கள். அந்தக் கார்டு நான்கே லேன்களில் (தரவு போய்வரும் பாதைகளில்) ஓடுவது. கார்டை போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் முறையின் நான்காம் தலைமுறையை நம்பிச் செய்தது. எட்டாம் தலைமுறை இன்டெல் போர்டு மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ்தான் தரும். அதில் மாட்டினால் கார்டின் வேகம் குறையும். பிள்ளை நாளைக்கு கேம் கேட்பான் என்று தோன்றினால் இந்த வழியே வேண்டாம். உள்ளங்கையைவிடச் சற்றே பெரிதாக வரும் மினி மாடல்களில் லேப்டாப் ராம்தான் போட முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடையில் பூட்டி வாங்குவதுதான் நம் ஊரில் அதிகம். சென்னை என்றால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. அங்கே கைதேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள். நாம் அரை நாள் எடுக்கும் வேலையை அவர்கள் டீ ஆறுவதற்குள் முடிப்பார்கள். பூட்டும் வேலையில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. மொத்தமாக ஒரு ரேட் பேசும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. "ஐ5, 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி, எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று பேசினால், பெயர் சொல்லாத பாகங்களில் மலிவானது வந்து உட்காரும். கேபினெட்டோடு சேர்ந்து வரும் எஸ்எம்பிஎஸ், அதன் மேல் 450 வாட் என்று ஒரு ஸ்டிக்கர். கையில் எடுத்தால் காற்றுப் போல இருக்கும். 16 ஜிபி ராம் ஒரே குச்சியாக வரும். ப்ராசஸர் பெட்டி இல்லாமல், ட்ரேயிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். பெட்டியோடு வருவதற்கு ஏஎம்டியும் இன்டெலும் தரும் மூன்றாண்டு வாரன்ட்டி அதற்கு இருக்காது. விண்டோஸும் போட்டுத் தந்திருப்பார்கள், உரிமம் இல்லாமல்.

ஆகவே கடையில் பூட்டுவதானால் ஒவ்வொரு பாகத்துக்கும் மாடல் எண்ணோடு பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள். ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொன்றும் தனி வரியாக, சீரியல் எண்ணோடு வர வேண்டும். காலிப் பெட்டிகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். இதைச் செய்தால், வீட்டில் பூட்டுவதில் கிடைக்கும் பலனில் முக்கால் பங்கு இங்கேயே கிடைத்துவிடும். கூடவே கடையின் பெரிய பலமும் சேரும்: மெஷின் உயிர்பெறவில்லை என்றால், எந்தப் பாகத்தில் கோளாறு என்று பார்க்க அவர்களிடம் மாற்றுப் பாகங்கள் அடுக்கி இருக்கின்றன. நம் வீட்டில் இல்லை.

வீட்டில் பூட்டுவதன் உண்மையான பலவீனம் அதுதான். கை நடுங்குமோ, ஷாக் அடிக்குமோ என்பதெல்லாம் வெறும் பயம். அந்த இடத்தில் கொஞ்சம் ஈடுகட்டவும் முடியும்: ப்ராசஸர், ராம், கிராபிக்ஸ், பூட் என்று நான்கு சிறு விளக்குகள் உள்ள மதர்போர்டாகப் பார்த்து வாங்குங்கள். எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அங்கே கோளாறு. இந்த வசதி இருக்கும் போர்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

வேலை என்று பார்த்தால் ஒரு ஸ்டார் ஸ்க்ரூட்ரைவர் போதும். எல்லாவற்றையும் நேராகக் கேபினெட்டுக்குள் திணிக்காமல், மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே போர்டை வைத்து ப்ராசஸர், ராம், கூலர் மாட்டி, எஸ்எம்பிஎஸ் இணைத்து, திரையில் பயாஸ் (மெஷின் தொடங்கும்போது வரும் போர்டின் அமைப்புத் திரை) வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பவர் பட்டன் அப்போது இருக்காது. அதற்கான இரண்டு பின்களை ஸ்க்ரூட்ரைவர் முனையால் ஒரு நொடி தொட்டால் ஓடத் தொடங்கும். இந்த ஒரு சோதனை பிறகு வரும் பாதி குழப்பத்தைத் தவிர்க்கும். டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ராம் உள்ள போர்டு முதல்முறை ஓடும்போது ராமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். திரை கறுப்பாகவே இருக்கும். பயந்து சுவிட்சை அணைக்காதீர்கள், காத்திருங்கள்.

ராம் குச்சி இரண்டு வாங்கி, நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுவது நல்லது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் இது கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் தரும், ஏனென்றால் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் இதே ராமைத்தான் பயன்படுத்துகிறது. பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற ராம் வேக அமைப்பை இயக்காவிட்டால், காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் ராம் ஓடாது. கடையில் பூட்டித் தரும் மெஷின்களில் அடிக்கடி விட்டுப்போவது இதுதான்.

ஒரே ஒரு விஷயத்தில் கடுமையாக எச்சரிக்கிறேன். கழற்றி மாட்டும் கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ் வாங்கினால், அதன் கேபிளை வேறு எஸ்எம்பிஎஸ்ஸில் போடவே கூடாது. ஒரே கம்பெனியின் வேறு மாடலாக இருந்தாலும் கூடாது. பாகத்தின் பக்கம் உள்ள முனைக்கு அளவுமுறை உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்குக் கிடையாது. கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போய் எஸ்எஸ்டி கருகலாம். ஆண்டுக்கணக்கில் சேர்த்த குடும்பப் படங்களும் அதோடு போகும்.

போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடமான சாக்கெட் விஷயத்தில் ஏஎம்டி, இன்டெல் இரண்டுக்கும் இடையே தெளிவான வேறுபாடு இருக்கிறது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் 2017இல் வாங்கிய பல மதர்போர்டுகளில், பயாஸை மட்டும் புதுப்பித்து, 2022இல் வந்த 5800எக்ஸ்3டி ப்ராசஸரைப் போட முடிந்தது. இன்டெலில் 1151 சாக்கெட் பெயரளவில் ஒன்றாக இருந்தும், ஏழாம் தலைமுறை போர்டில் எட்டாம் தலைமுறை ப்ராசஸர் ஓடாது. அதன் பிறகு 2020இல் 1200, 2021இல் 1700, 2024இல் 1851 என்று மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பிறகு மேம்படுத்தலாம் என்ற எண்ணத்தில்தான் வீட்டில் பூட்டுகிறோம் என்றால், இன்று ஏஎம்டியின் ஏஎம்5தான் என் தேர்வு. 2022இல் வந்த இந்தச் சாக்கெட்டை 2027 வரையும் அதற்குப் பின்னும் ஆதரிப்பதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. பின்கள் இதில் ப்ராசஸரில் இல்லை, போர்டில் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் வாரன்ட்டி போச்சு. சாக்கெட்டின் மேல் வரும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியாதீர்கள். போர்டை வாரன்ட்டிக்கு அனுப்பும்போது அதைக் கேட்பார்கள்.

ஆனால் ஏஎம்5க்கு டிடிஆர்5 ராம் கட்டாயம், இப்போது சுடுவதும் அதுதான். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்கள் போவதால் 2025 கடைசியில் ராம் விலை எகிறியது. க்ரூஷியல் என்ற பெயரில் நமக்கு ராமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரான், அந்தச் சில்லறை வியாபாரத்தையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இதனால் கணக்குக் கொஞ்சம் மாறுகிறது. உள்ளேயே 16 ஜிபி டிடிஆர்4 ராமோடு வரும் பழைய ஆபீஸ் மெஷினின் மதிப்பு கூடியிருக்கிறது. வீட்டில் பழைய மெஷினின் டிடிஆர்4 குச்சிகள் சும்மா கிடந்தால், ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி ப்ராசஸர் போட்ட ஏஎம்4 மெஷின் இன்றும் நியாயமான தேர்வு. ஆறு கோர், உள்ளேயே கிராபிக்ஸ், 65 வாட். அது 2021 சரக்கு, மேலே ஏறப் பெரிய வழி இல்லை என்று தெரிந்தே எடுக்க வேண்டும். இன்டெலில் எஃப் என்று முடியும் ப்ராசஸர்களில் கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்4 ரைசனில் ஜி இல்லாதவற்றிலும் கிடையாது. தனிக் கார்டு வாங்காமல் அதை எடுத்தால் திரையில் எதுவும் தெரியாது.

ஆக, என் தீர்ப்பு இப்படி. தொழிலுக்கு பிராண்டட். படிப்புக்கு மட்டும் என்றால், கையில் காசும் குறைவென்றால், எட்டாம் தலைமுறைக்குக் குறையாத ஆபீஸ் மெஷின். கேம், வீடியோ எடிட்டிங், அல்லது ஏழெட்டு ஆண்டு வைத்துப் பாகம் பாகமாக மாற்றும் எண்ணம் என்றால் வீட்டில் பூட்டுவது. கூடவே அந்தப் பிள்ளையையும் உட்கார வையுங்கள். பட்டியல் எழுதும் பொறுமை இருந்து, பூட்டும் ஆசை மட்டும் இல்லாதவர்களுக்குக் கடை.

நான்கில் எதை எடுத்தாலும் பிளக் பாயின்டின் மூன்றாவது ஓட்டையில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இழுக்கிறது என்று சொல்லி, பூட்டியவர் மேல் பழி போடுவது சாதாரணமாக நடக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே மின்சார இரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் கேபினெட்டின் உலோகத்தோடு இணைந்திருக்கின்றன. எர்த் இருந்தால் அந்தக் கசிவு அதன் வழியே போய்விடும். இல்லையென்றால் தொடுபவர் உடல் வழியே போகும். பிராண்டட் மெஷினிலும் இதேதான் நடக்கும். இரண்டு பின் அடாப்டரில் சொருகி வைத்திருந்தால் முதலில் அதை எடுத்துப் போடுங்கள்.