களுதாவளை மணலில் ஹைட்ரோஜெல்: மாரியும் கோடையும் பார்த்தபின்

ஹைட்ரோஜெல் விலை இறங்கியிருக்கிறதாம், வாங்கலாமா என்று அக்கரைப்பற்றிலிருந்து மச்சான் கேட்டிருக்கிறான். தண்ணீரைக் குடித்து வீங்கி, வேர் கேட்கும்போது விடும் குருணை என்பது அவனுக்கும் தெரியும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

மிளகாய் நாற்று நடும்போது இதைப் போல உதவிய பொருள் வேறில்லை. மழைத் தண்ணீரில் ஊறவைத்து, குழிக்குக் கொஞ்சம் போட்டு நட்டேன். மட்டக்களப்புக் கரையோரத்தில் இருக்கும் எங்கள் களுதாவளை மணலில் நட்ட மறுநாள் மத்தியானம் நாற்று தலை சாய்வது வழக்கம். இவை சாயவில்லை. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால், வெள்ளை வேர்கள் ஜெல் கட்டிகளைத் துளைத்துக்கொண்டு போயிருந்தன. உதறினாலும் விழவில்லை. பக்கத்து வளவுப் பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன மனே, சவ்வரிசியையா புதைச்சு வைச்சிருக்கிற?” என்று கேட்டார்.

யூரியாவைக் கரைத்து அதில் ஊறவைத்ததும் நல்ல பலன் தந்தது. யூரியாவுக்கு மின்னேற்றம் இல்லை, அதனால் ஜெல் வீங்குவதை அது பெரிதாகத் தடுப்பதில்லை. மணலில் போட்ட யூரியா மழையோடு கீழே போய்விடும். 2021 இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்த பிறகு உரத்துக்கு அலைந்தவர்களுக்கு, ஒரு பிடி மிச்சமானாலும் அதன் அருமை தெரியும். எம்ஓபி என்ற பொட்டாசியம் உரத்தை மட்டும் இப்படிக் கரைத்து ஊறவைக்க வேண்டாம். அது உப்பு, ஜெல் சரியாக வீங்காது.

சரி, இனிக் கோடை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நடுவில் இருக்கும் எங்கள் கிணறுகளில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும் காலத்தில் மோட்டர் போட்டு இறைக்க இறைக்கச் சவர் ஏறும். இரண்டு ஜாம் போத்தல்களில் ஒரே அளவு குருணை போட்டேன். மழைத் தண்ணீர் ஊற்றியது போத்தல் நிறையக் கண்ணாடிபோல் வீங்கியது. கிணற்றுத் தண்ணீர் ஊற்றியது அடியிலேயே கலங்கலாய்க் கிடந்தது.

காரணம் இரகசியமல்ல. தூய நீரில் எடையைப் போலப் பல நூறு மடங்கு குடிக்கும் பொலிஅக்ரிலேட், அதாவது இந்தக் குருணை செய்யப்பட்ட பொருள், 0.9 சதவீத உப்புக் கரைசலில் ஏறத்தாழ 50 மடங்கோடு நின்றுவிடும். கல்சியம் இன்னும் மோசம், ஜெல்லின் இழைகளை ஒன்றோடொன்று கட்டி இறுக்கிவிடும். பிறகு நல்ல தண்ணீர் ஊற்றினாலும் பழையபடி விரிவது கஷ்டம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதில் இருப்பதும் அந்தக் கல்சியம்தான்.

எனக்குக் கோபம் ஜெல்லின் மேல் இல்லை. நான் வாங்கிய பைக்கற்றில் “400 மடங்கு” என்று கொட்டை எழுத்தில் போட்டவர்கள், எந்தத் தண்ணீரில் என்று ஒரு வரி போடவில்லை. கரையோரத் தோட்டக்காரனுக்கு விற்கும்போது முதலில் சொல்ல வேண்டிய விஷயம் அது. அதைக் கடையிலும் யாரும் சொல்லவில்லை.

ஆகவே மச்சான், என் நாற்றுகள் இவ்வளவு செழிப்பாக ஒருபோதும் பிடித்ததில்லை, ஆனாலும் வாங்காதே. விலை பாதியானாலும் வாங்காதே. அந்தக் காசுக்கு மாட்டெருவும் தும்புத்தூளும் ஏற்றி இறக்கு. உப்புத் தண்ணீரில் எத்தனை மடங்கு என்று பைக்கற்றில் எழுதி விற்கும் நாளில் மறுபடி கேள், அப்போது பேசுவோம்.